டிரக்கி: பனிக்கணவாயின் காலடியில் ஒரு ரயில் ஊர்

#1 மலைப்பாதை

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக சாக்ரமென்டோவில் இருக்கிறேன். டாஹோ ஏரிக்குப் போகும்போதெல்லாம் வழியில் டிரக்கி என்ற ஊரில் நிற்போம். பெட்ரோல், காபி, பிள்ளைகள் கால் நீட்ட ஐந்து நிமிடம், மறுபடி கார். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி யோசித்ததே இல்லை. போன மாதம் காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போனேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடமும் அந்த ஊரின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் முகம் தண்டவாளத்தின் பக்கம் இருக்கிறது.

ஸ்டேஷனில் இறங்கி நின்றால் எதிரே ஒரே வரிசையாகப் பழைய செங்கல் கடைகள். தெருவின் ஒரு பக்கம் கடை, மறுபக்கம் ரயில். கூட்ஸ் வண்டி போகும்போது கடைவாசலில் பேச்சு நிற்கிறது, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பயணிகள் வண்டி என்று பார்த்தால் 'கலிஃபோர்னியா செஃபர்' மட்டும்தான். சிகாகோ பக்கம் ஒன்று, சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஒன்று என்று நாளுக்கு ஒரு தடவை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைமுகட்டைத் தாண்டி இறங்கியதும் வருகிற ஊர். உயரம் சுமார் 5,800 அடி. கவுண்டியின் பெயர் நெவாடா, ஆனால் நெவாடா மாநிலத்தின் எல்லை இன்னும் கிழக்கே இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் 16,729 பேர். நகராட்சி அந்தஸ்து கிடைத்ததே 1993-இல்தான்.

ரயிலுக்கு முன்னால் இங்கே இருந்தது சத்திரம்தான். 1863-இல் ஜோசப் கிரே என்பவர் மரத்தில் ஒரு தங்கல் கட்டினார். பக்கத்தில் கோபர்ன் என்பவருடையது இன்னொன்று. நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குச் சரக்கு ஏற்றிப்போன குதிரை வண்டிகள் நிற்கிற இடம். 1864-இல் இந்த வழியே நல்ல வண்டிப்பாதை போட்டதும் சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனியின் ஆட்கள்தான். 1868-இல் கோபர்ன் சத்திரத்தைச் சுற்றியிருந்த குடியிருப்பு எரிந்துபோனது. தண்டவாளத்தை ஒட்டிப் புதிதாக எழுந்த ஊர் டிரக்கி ஆனது.

இந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

#2 பேங்கர்

தம்பி, நல்ல இழை. நான் ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். கர்ஜத்–லோனாவ்லா காட் செக்‌ஷனில் பல வருடம் வண்டிக்குப் பின்னால் தள்ளுகிற பேங்கர் என்ஜின் ஓட்டினேன். அங்கே 37 அடிக்கு ஓரடி ஏற்றம். அதனால் மலை ரயில் என்றால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது ஏற்றம்தான். உங்கள் மலையில் எவ்வளவு? எந்தப் பக்கம் கஷ்டம்? டிரக்கியில் பேங்கர் வைத்திருந்தார்களா? ஒரு ரயில் ஊர் காரணமில்லாமல் உண்டாகாது. தண்ணீர் பிடிக்க வேண்டும், அல்லது என்ஜின் மாற்ற வேண்டும், அல்லது மேலே ஏறுவதற்கு முன்னால் மூச்சு வாங்க வேண்டும். இது எந்த வகை?

#3 மலைப்பாதை

ஐயா, மூன்றாவது வகை. மேலே போனால் பனி, அதனால் அந்த மூச்சு கொஞ்சம் நீளமாகவே வாங்க வேண்டியிருந்தது.

சாக்ரமென்டோ ஏறக்குறைய கடல் மட்டம். அங்கிருந்து 105 மைலில் ரயில் 7,000 அடிக்கு ஏறுகிறது. அன்றைய சட்டம் அனுமதித்த உச்ச ஏற்றம் மைலுக்கு 116 அடி, அதாவது ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி. உங்கள் காட் செக்‌ஷனை விடச் சாதுதான், ஆனால் நீளம் அதிகம். உச்சியிலிருந்து டிரக்கி வெறும் 14 மைல், 1,200 அடி இறக்கம்.

கிழக்குப் பக்கம் தூரம் குறைவாக இருந்தாலும் அங்கேதான் சிக்கல். டிரக்கிக்கு மேற்கே மூன்று மைலில் டானர் ஏரி, சுமார் 5,900 அடியில். ஏரியின் மேற்கு முனையில் கருங்கல் பாறை சுவர் மாதிரி 1,100 அடி எழுந்து நிற்கிறது. அதன் மேலேதான் கணவாய். நேராகப் போனால் முட்ட வேண்டியதுதான். அதனால் தண்டவாளம் ஏரிக்கரைக்கே போகவில்லை. தெற்கே கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, குதிரை லாடம் மாதிரி வளைந்து திரும்பி, ஏரிக்கு மேலே மலையின் விலாவைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. சாக்ரமென்டோவிலிருந்து வருகிறவர்கள் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ரயில் போகிற மலைக்குகையை (டனலை) விட்டு வெளியே வந்ததும் கீழே ஏரி முழுசாகத் தெரியும்.

பேங்கர் இருந்தது ஐயா. என்ஜின்களை நிறுத்த வட்ட ஷெட் இருந்தது, பனி வாருகிற வண்டிகளும் இங்கேதான் நின்றன. டீசல் வந்த பிறகு 1950-களில் அந்த ஷெட்டை இடித்துவிட்டார்கள்.

#4 கயல்விழி

நான் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். பேங்கர் சார் கேட்ட 'எந்தப் பக்கம் கஷ்டம்' என்பதில்தான் இந்த ஊரின் பாதிக் கதை இருக்கிறது.

சியரா நெவாடாவை ஒரு பெரிய பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கிழக்கு விளிம்பை மட்டும் யாரோ நெம்பித் தூக்கியது மாதிரி இருக்கிறது. பிளவுக்கோட்டை ஒட்டி நிலம் கிழக்கே செங்குத்தாக உயர்ந்துவிட்டது, மேற்கே மெல்லச் சாய்ந்து இறங்குகிறது. மேற்கிலிருந்து ஏறுகிறவருக்குச் சாய்தளம், கிழக்கிலிருந்து வருகிறவருக்குச் சுவர். அந்தக் காலத்தில் வண்டி கட்டிக் குடியேற வந்தவர்கள் எல்லோருமே கிழக்கிலிருந்து வந்தவர்கள். நாலைந்து மாதம் நடந்து களைத்து, குளிர்காலம் நெருங்குகிற நேரத்தில், கடைசித் தடையாக இந்தச் சுவர் முன்னால் வந்து நின்றார்கள்.

பனியும் இதே அமைப்பால்தான். பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று சாய்தளத்தில் ஏற ஏறக் குளிர்ந்து, கையில் இருப்பதையெல்லாம் முகட்டில் கொட்டிவிடுகிறது. முகட்டுக்குப் பக்கத்தில் சோடா ஸ்பிரிங்ஸில் 1946 முதல் ஒரு பனி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே சராசரி வருடத்தில் விழுவதே 30 அடி பனி. 2022–23 குளிர்காலத்தில் 754 அங்குலம் அளந்தார்கள். அதை மிஞ்சியது 1951–52, 812 அங்குலம். இதே காற்று மலையைத் தாண்டி நெவாடா மாநிலத்து ரீனோ நகருக்குப் போவதற்குள் காய்ந்துபோகிறது. டிரக்கியிலிருந்து 30 மைல்தான், அங்கே வருடத்துக்கு ஏழு அங்குல மழைதான். பசும் பைன் காட்டிலிருந்து கிளம்பி அரை மணியில் பாலைவனப் புதரில் நிற்கலாம்.

டிரக்கி இருப்பது ஒரு கிண்ணத்துக்குள். இரவில் கனமான குளிர்காற்று சரிவுகளிலிருந்து வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். பக்கத்தில் போகா என்ற இடத்தில் 1937 ஜனவரி 20-ஆம் தேதி பதிவான மைனஸ் 45 டிகிரி பாரன்ஹீட்தான் கலிஃபோர்னியா மாநிலத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை.

#5 பேங்கர்

டீச்சரம்மா, 754 அங்குலம் என்றால் 63 அடி! இரண்டு மாடி வீட்டை இரண்டு தடவை மூடலாம். இதில் எப்படி வண்டி ஓட்டினார்கள்? எங்களுக்கு மழையில் மண் சரிந்தாலே லைன் கிளியர் பண்ண ராத்திரி முழுக்க ஆகும்.

#6 மலைப்பாதை

தண்டவாளத்துக்கே கூரை போட்டுவிட்டார்கள் ஐயா. 1867-இல் சோதனைக்குக் கொஞ்சம், அடுத்த இரண்டு வருடத்தில் மொத்தமாக. மர உத்திரம், மரக்கூரை, மலைச்சரிவோடு ஒட்டிய சாய்வு, பனிச்சரிவு மேலேயே வழுக்கிப் போய்விடும். ஏறக்குறைய 37 மைல் நீளத்துக்கு அப்படிக் கட்டினார்கள். அதில் ஓட்டியவர்கள் 'தானியக் கொட்டகைக்குள் ரயில் ஓட்டுகிறோம்' என்பார்களாம்.

மரக்கூரைக்குள் நீராவி என்ஜின் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொறி பறந்து கூரை பிடிக்கும். அதற்காகவே தண்ணீர்த் தொட்டியோடு தீயணைப்பு ரயில்களை எந்நேரமும் நீராவி குறையாமல் தயாராக வைத்திருந்தார்கள். எதிர்மலை உச்சியில் ஒரு காவல் குடில், அங்கிருந்து இரவும் பகலும் கூரைகளையே பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள். இன்னொரு கஷ்டம் புகை. கூரைக்குள்ளும் குகைக்குள்ளும் புகைபோக்கிக்குப் பின்னால் உட்கார்ந்த டிரைவருக்கு மூச்சே முட்டியது. பிற்காலத்தில் இந்தப் பாதையை நடத்திய சதர்ன் பசிபிக் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. என்ஜினையே திருப்பிப் போட்டு, டிரைவர் கேபினை முன்னாலும் புகைபோக்கியைப் பின்னாலும் வைத்தார்கள். எரிபொருள் எண்ணெய் என்பதால் அது முடிந்தது. குழாய் வழியாக எண்ணெய் கேபினுக்கு வந்துவிடும், கரி அள்ளிப்போட வேண்டியதில்லை. அந்த வகையில் மிஞ்சியிருக்கும் ஒரே என்ஜின், 4294, எங்கள் ஊர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்தில் நின்றால் சக்கரமே தோள் உயரத்துக்கு வருகிறது.

இவ்வளவு ஏற்பாட்டையும் மீறிப் பனி ஜெயித்த வருடம் டீச்சர் சொன்ன 1952. ஜனவரி 13-ஆம் தேதி 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற சொகுசு ரயில் கணவாய்க்கு மேற்கே யூபா கேப் பக்கம் பனியில் புதைந்து நின்றது. உள்ளே 226 பேர். மீட்க வந்த பனிவாரி வண்டிகளும் மாட்டிக்கொண்டன, ஊழியர்களில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. வெப்பம் போய், உணவு குறைந்து, மூன்று நாள் கழித்துத்தான் பயணிகளை நெடுஞ்சாலைக்கு நடத்திக் கூட்டிப்போக முடிந்தது.

1925-இல் மலைக்கடியில் இன்னொரு குகை வெட்டினார்கள், 10,326 அடி நீளம். இன்றைய வண்டிகள் அதில் போகின்றன. உச்சியில் இருந்த பழைய பாதையை 1993-இல் கைவிட்டார்கள்.

#7 நதிமூலம்

ரயில் ஆட்கள் ஆற்றை மறந்துவிடக் கூடாது. தண்டவாளம் டிரக்கியிலிருந்து கிழக்கே போனதே ஆறு வெட்டிக் கொடுத்த வழியில்தான்.

டிரக்கி ஆறு டாஹோ ஏரியிலிருந்து புறப்பட்டு ஊருக்குள் வந்து, கிழக்கே திரும்பி, ரீனோ வழியாகப் பாலைவனத்துக்குள் சென்று பிரமிட் ஏரியில் முடிகிறது. சுமார் 120 மைல். கடலைப் பார்க்காத ஆறு. டாஹோவுக்கு உள்ளே வரும் ஓடைகள் அறுபதுக்கு மேல், வெளியே போவது இந்த ஒன்றுதான்.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1844-இல் முதன்முதலாக மாட்டு வண்டிகளை இந்தக் கணவாய் தாண்டிக் கொண்டுபோன கூட்டத்துக்கு வழி சொன்னவர் பையூட் என்ற பூர்வகுடி இனத்துப் பெரியவர் ஒருவர். வந்தவர்கள் அவரை டிரக்கி என்று அழைத்தார்கள். அவர் பேத்தி சாரா வின்னமக்கா பிற்காலத்தில் பெரிய பேச்சாளர், எழுத்தாளர். தங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'எல்லாம் நலம்' என்கிற மாதிரி பொருள் என்று அவர் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த மேட்டு நிலம் பையூட்களுடையது அல்ல, வாஷோ மக்களுடையது. கணவாய்க்குப் பக்கத்துப் பாறைகளில் ஆயிரக்கணக்கான வருடப் பழமையான கீறல் ஓவியங்கள் உண்டு. அவற்றின் மேலேயே சாலையும் ரயிலும் வந்து நின்றன.

இந்த ஆற்றில் லஹான்டன் என்ற ஒரு வகை ட்ரவுட் மீன் இருந்தது. பிரமிட் ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறி மலை வரைக்கும் வரும். 1925-இல் பிடித்த ஒன்று 41 பவுண்ட். ரயில் வந்ததும் பெட்டி பெட்டியாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. அப்புறம் 1905-இல் பாசனத்துக்காக டெர்பி அணையைக் கட்டி ஆற்றில் பெரும் பங்கை வேறு பக்கம் திருப்பினார்கள். பிரமிட் ஏரி 80 அடி வற்றியது, பக்கத்து ஏரி ஒன்று முழுக்கக் காய்ந்தது, 1940 வாக்கில் அந்த மீன் இனமே அங்கே அற்றுப்போனது. வேறொரு மலை ஓடையில் யாரோ முன்பு விட்டிருந்த அதே மரபு மீன்களை 1970-களில் கண்டுபிடித்து இப்போது திரும்ப வளர்க்கிறார்கள். எனக்கு இந்த ஒரு செய்தி மனதுக்குப் பெரிய ஆறுதல்.

#8 ரீனோவாசி

மரத்தையும் ஐஸையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். ஊர் பிழைத்தது அவற்றால்.

குகை உத்திரம், ஸ்லீப்பர் கட்டை, பனிக்கூரை, என்ஜினுக்கு விறகு, நெவாடா வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தாங்குமரம், எல்லாம் இந்தக் காடுதான். மலைமேலிருந்து மரக்கால்வாயில் தண்ணீர் விட்டுக் கட்டைகளை மிதக்கவிட்டு இறக்குவார்கள். ஐம்பது வருடத்துக்குள் டாஹோவைச் சுற்றி மொட்டை. இன்று நாம் போட்டோ எடுக்கிற காடு அதற்குப் பின்னால் தானாக முளைத்தது.

கயல்விழி டீச்சர் சொன்ன போகா குளிரையும் விற்றார்கள். குளம் கட்டி, உறைந்ததும் ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போட்டுக் கிடங்கில் அடுக்கி வைப்பார்கள். கோடையில் அது பழப்பெட்டி வண்டிகளுக்குப் போகும். கலிஃபோர்னியாவின் பழமும் கீரையும் கிழக்கு நகரங்களுக்கு அழுகாமல் போனது இந்த ஐஸால். வெள்ளிச் சுரங்கங்களின் அடியில் வெந்நீர் ஊற்றுச் சூட்டில் வேலை செய்தவர்களுக்கும் இந்த ஐஸ்தான். செயற்கை ஐஸ் ஆலைகள் வந்ததும் தொழில் படுத்தது. போகா என்ற ஊரே இப்போது இல்லை.

#9 செம்மண்

ஆரம்பத்திலிருந்து படித்து வந்தேன். ஏற்றம், பனி, மீன், மரம், ஐஸ் எல்லாம் வந்தது. 7,000 அடி உயரத்தில் அந்தக் குகையைத் தோண்டியவர்கள் யார் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

1865 முதல் சென்ட்ரல் பசிபிக் கம்பெனி சீனர்களை வேலைக்கு எடுத்தது. பெரும்பாலும் தெற்குச் சீனத்தின் குவாங்டாங் பகுதி விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மலைவேலை உச்சத்தில் இருந்தபோது பத்தாயிரத்துக்கு மேல், கம்பெனி ஆட்களில் மிகப் பெரும்பான்மை அவர்கள்தான். மாதச் சம்பளம் 30 டாலரை ஒட்டி. வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி செலவு, சீனர்களுக்கு அது சொந்தச் செலவு.

உச்சியில் 6-ஆம் எண் குகை, 1,659 அடி, முழுக்கக் கருங்கல். ஒருவர் உளியைப் பிடிக்க இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். துளை விழுந்ததும் கருமருந்து. நாள் முழுக்க மூன்று முறை மாற்றி வேலை செய்தும் ஒரு முகத்தில் ஒன்றேகால் அடிகூட நகரவில்லை. நடுவில் ஒரு கிணறு வெட்டி இறங்கி, உள்ளிருந்து இரு பக்கமும் தோண்டி, நான்கு முகமாக்கினார்கள். நைட்ரோகிளிசரினை அங்கேயே காய்ச்சிப் பயன்படுத்திய பிறகுதான் ஒன்றே முக்கால் அடியைத் தாண்டியது. 1867 ஆகஸ்டில் இரு பக்கமும் சந்தித்தன.

அதற்கு நடுவில் 1866–67 குளிர்காலம். 44 புயல்களை ஒரு பொறியாளர் எண்ணி எழுதிவைத்திருக்கிறார். தொழிலாளிகள் பனிக்குள்ளேயே வழி தோண்டி, தங்கும் குடிசைக்கும் குகைவாய்க்கும் இடையே போய் வந்தார்கள், வெயிலைப் பார்க்காமல். பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல் வசந்தத்தில்தான் கிடைத்தது. அதே குளிர்காலத்தில் கம்பெனி அவசரப்பட்டு, மூன்று என்ஜின்களையும் நாற்பது பெட்டிகளையும் சறுக்குக் கட்டைகளில் ஏற்றி, மேற்குப் பக்கத்துச் சிஸ்கோவிலிருந்து கணவாய்க்கு மேலாக டிரக்கிக்கு இழுத்து வந்தது. குகை முடியும்வரை காத்திருக்காமல் கிழக்குப் பக்க வேலையைத் தொடங்க. ரயில் பாதை டிரக்கிக்கு வந்து சேர்வதற்கு முன்பே என்ஜின் வந்துவிட்டது.

1867 ஜூனில் சீனத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். சம கூலி, குகைக்குள் குறைந்த நேரம், இவ்வளவுதான் கேட்டார்கள். ஒரு கல்லெறி இல்லை. கம்பெனியின் சார்லஸ் கிராக்கர் மலைக்குப் போகிற அரிசியையும் சாமானையும் நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1868 ஜூனில் சாக்ரமென்டோவிலிருந்து முதல் ரயில் மலையைத் தாண்டி ரீனோவுக்குப் போனது. அடுத்த வருடம் மே 10-இல் யூட்டாவில் இரு பாதையும் இணைந்தன. பிறகு பலர் டிரக்கியிலேயே தங்கினார்கள். விறகு வெட்டினார்கள், சலவை, சமையல், கடை. கலிஃபோர்னியாவின் பெரிய சீனக் குடியிருப்புகளில் ஒன்று இங்கே இருந்தது. இப்போது போய்ப் பாருங்கள், எங்கே அவர்கள்?

#10 வெண்பனி

செம்மண், நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். 1886-இல் டிரக்கியிலிருந்து சீனர்கள் போனது சட்டத்துக்கு உட்பட்டு, வன்முறை இல்லாமல் நடந்தது என்று படித்திருக்கிறேன். வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் சீனச் சுரங்கத் தொழிலாளிகளைக் கொன்றது போல டிரக்கியில் கொலை நடக்கவில்லை. அதை நடத்திய சார்லஸ் மெக்ளாஷன் பள்ளி ஆசிரியராக வந்தவர், பத்திரிகை ஆசிரியர், வழக்கறிஞர். டானர் கூட்டத்தில் உயிர்பிழைத்தவர்களைத் தேடித்தேடி எழுதி, அவர்கள் வரலாற்றை 1879-இல் புத்தகமாக்கினவரும் அவர்தான். அப்படிப்பட்டவரைக் காலத்தின் மனிதராகப் பார்க்க வேண்டாமா?

டானர் கூட்டம் தெரியாதவர்களுக்கு: 1846-இல் குறுக்குவழி என்று நம்பித் தாமதமாகி, அக்டோபர் கடைசியில் இந்த ஏரிக்கரைக்கு வந்து பனியில் சிக்கிய குடியேறிகள். 80 பேருக்கு மேல், பாதிக்கும் மேல் சிறு பிள்ளைகளும் இளையவர்களும். மாடு, தோல், கடைசியில் இறந்தவர்களின் உடல் வரை சாப்பிட நேர்ந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இறந்தார்கள்.

#11 செம்மண்

வெண்பனி, நேராகக் கேட்டதற்கு நன்றி. நேராகவே சொல்கிறேன்.

வன்முறை இல்லை என்பது 1886-க்கு மட்டும் பார்த்தால். பத்து வருடம் முன்னால், 1876 ஜூனில், டிரவுட் கிரீக் ஓடைப்பக்கம் சீன விறகுவெட்டிகள் தூங்கிய குடிசைகளுக்கு இரவில் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள், ஒருவர் இறந்தார். வழக்கு நடந்தது. நடுவர் குழு சில நிமிடங்களில் விடுதலை செய்தது. 1878-இல் ஊர் நடுவே இருந்த சீனர் தெருவையே அகற்றி ஆற்றுக்குத் தெற்கே தள்ளினார்கள். இத்தனையையும் பார்த்த மக்களிடம் 1886-இல் 'போய்விடுங்கள்' என்று சொல்லத் துப்பாக்கி எதற்கு?

மெக்ளாஷன் செய்தது இது. சீனருக்கு வேலை தருகிறவனிடம் யாரும் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, அவன் பெயர் பத்திரிகையில் வரும். மரக்கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பணிந்தன. வேலை போனது, சாமான் கிடைக்கவில்லை, சில வாரங்களில் ஊர் காலி. தீவட்டி ஊர்வலம் நடத்திக் கொண்டாடினார்கள். மற்ற ஊர்கள் 'டிரக்கி முறை' என்று பெயர் வைத்துப் பின்பற்றின. அதே வருடம் மிஞ்சியிருந்த வீடுகளும் தீயில் போயின.

காலத்தின் மனிதர் என்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனசு ஆறவில்லை. மற்றவருக்குப் பசி என்றால் ஒரு சொல். அவருக்கு அப்படியில்லை. டானர் ஏரிக்கரையில் ஒரு தாய் கடைசி மாட்டுத்தோலை எப்படிக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள் என்பது வரைக்கும் பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, கடிதம் கடிதமாக வாங்கி எழுதியவர். பட்டினி மனிதனை என்ன செய்யும் என்று அந்த நாட்டில் அவரை விட நன்றாக அறிந்தவர் அதிகம் பேர் இருக்க முடியாது. அதே பனிக்காலத்தில், அதே ஊரில், அதையே எடுத்து இன்னொரு கூட்டத்தின் மேல் வைத்தார்.

#12 கயல்விழி

செம்மண் சொன்னதைப் படித்தபின் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏரியின் கிழக்குக் கரையில் டானர் நினைவுச் சிலை. அதன் பீடம் 22 அடி உயரம், அந்தக் குளிர்காலத்துப் பனி அவ்வளவு என்று காட்டுவதற்காக. 1918-இல் திறந்தார்கள், அதற்காகப் பாடுபட்டவர்களில் மெக்ளாஷனும் உண்டு. அங்கிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் முகட்டின் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கல்சுவர் தெரியும். 7-ஆம், 8-ஆம் குகைகளுக்கு நடுவே பள்ளத்தை நிரப்பச் சீனத் தொழிலாளிகள் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கியது. சாந்து கிடையாது. 75 அடி உயரம், நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அதன் மேல் பனியும் ரயிலும் ஏறி இறங்கியும் நிற்கிறது.

வெண்பனி, உங்கள் கேள்வியால்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். வகுப்பில் இனி இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டுவேன்.

#13 வெண்பனி

டிரவுட் கிரீக் எனக்குத் தெரியாது. நான் படித்தது 1886-இல் தொடங்கி 1886-இலேயே முடிந்திருந்தது. 'வன்முறை இல்லாமல்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சீனர்களே எழுதிய கடிதம், நாட்குறிப்பு ஏதாவது இருக்கிறதா? அவர்கள் பார்வையில் படிக்க வேண்டும்.

#14 செம்மண்

இல்லை வெண்பனி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வருடக்கணக்கில் தேடினார்கள், அமெரிக்காவிலும் சீனத்திலும். ரயில் வேலையில் இருந்த ஒரு சீனத் தொழிலாளி தன் கையால் எழுதிய ஒரு கடிதம்கூட இதுவரை கிடைக்கவில்லை. கம்பெனிச் சம்பளப் பதிவில்கூடப் பெரும்பாலும் மேஸ்திரி பெயர்தான். முகாம் இருந்த இடங்களில் கிண்ணத் துண்டு, அரிசிமதுக் குடுவைச் சில்லு, சதுர ஓட்டைக் காசு கிடைக்கிறது. அதை வைத்துத்தான் அகழ்வாய்வாளர்கள் படிக்கிறார்கள்.

ஊருக்குள் மிஞ்சியது ஒரே கட்டடம். ஆற்றுக்குத் தெற்கே, பாலம் தாண்டியதும், 1878-இல் கட்டிய சிறிய செங்கல் வீடு. சீன மூலிகைக் கடையாக இருந்தது.

#15 மலைப்பாதை

செம்மண், நான் இந்த இழையைத் தொடங்கியபோது எழுதிய முதல் பதிவில் சத்திரக்காரர் இருவர் பெயரும் போட்டேன், நீங்கள் சொன்ன சீனத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை இப்போது திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நேற்று விடுமுறை, மறுபடி போய்வந்தேன். பாலத்தைக் கடந்து அந்தச் செங்கல் வீட்டின் முன் நின்றேன். தடித்த சுவர், சின்ன ஜன்னல். எத்தனை தடவை காரில் அதன் பக்கமாகவே போயிருப்பேன்! பிறகு மேலே பழைய சாலை வழியாகக் கணவாய்க்குப் போய் 6-ஆம் குகைக்குள் நடந்தேன். தண்டவாளம் எடுத்துவிட்டதால் தரை கரடு. நடுவில் அந்தக் கிணறு இருந்த இடத்தில் மேலிருந்து கொஞ்சம் வெளிச்சமும் தண்ணீரும் விழுகிறது. சுவரில் விளக்கு அடித்துப் பார்த்தால் உளித்துளையின் பாதி அப்படியே நிற்கிறது, விரல் வைத்தால் பொருந்துகிறது. பக்கத்துக் குகைகளில் ஆட்கள் பெயின்ட் அடித்து நாசம் செய்திருக்கிறார்கள், அது வேதனையாக இருந்தது.

#16 பேங்கர்

தம்பி, அந்தத் துளைக்கும் அடுத்த துளைக்கும் எவ்வளவு இடைவெளி? எத்தனை ஆழம்? சொன்னால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு பாறை உடைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். என் மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள். மே மாதம் வரச் சொல்கிறாள். அந்த 4294 என்ஜினையும் குகையையும் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.

#17 மலைப்பாதை

ஐயா, மே மாதம் என்றால் உச்சியில் பனி இன்னும் உருகியிருக்காது, குகைவாய்க்குப் போவதே சிரமம். ஜூலைக்குத் தள்ளிப்போடுங்கள். காலையில் சாக்ரமென்டோவில் அந்த என்ஜினைப் பார்த்துவிட்டு, மறுநாள் ரயிலில் டிரக்கி. ஸ்வெட்டர், நல்ல டார்ச், பிடிமானமுள்ள ஷூ மூன்றும் கட்டாயம். குகைக்குள் கோடையிலும் தரையில் ஐஸ் கிடக்கும். அளவு நாடா நான் எடுத்து வருகிறேன். துளைகளை உங்கள் கையாலேயே அளந்துகொள்ளலாம்.